எந்தக் கட்டத்தில் டிக் அடித்தாலும் ‘மிதம்’

ஷார்ஜா, அஜ்மான், ராஸ் அல் கைமா, துபாய் அகாடமிக் சிட்டி என அமீரகத்தில் கல்லூரி விடுதிகள் இருக்கும் இடங்களில் எல்லாம் அலுக்காமல் நடக்கிற ஆய்வு ஒன்று உண்டு. விடுதி மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு கூகுள் படிவம் வந்து விழும். பத்துக் கேள்வி, ஐந்து நிமிட வேலை. பெரும்பாலானோருக்கு ‘மிதமான’ மன அழுத்தம் என்று முடிவு வரும். ரியாத்தில் எடுத்தாலும் சென்னையில் எடுத்தாலும் அநேகமாக இதே பதில்தான். அப்படியென்றால் அளப்பதில் ஏதோ இடிக்கிறது.

அந்தப் பத்துக் கேள்விகள் பெரும்பாலும் அமெரிக்க உளவியலாளர் ஷெல்டன் கோஹன் இரு சகாக்களோடு 1983-இல் வெளியிட்ட அளவுகோலிலிருந்து எடுக்கப்படுபவை. அன்று 14 கேள்விகள். 1988-இல் பத்தாகச் சுருங்கின. அதன் பலத்தைக் குறைத்துச் சொல்லக் கூடாது. உனக்கு என்ன நடந்தது என்று அது கேட்பதில்லை. போன ஒரு மாதத்தில் வாழ்க்கை உன் கைமீறிப் போவதாக எத்தனை முறை தோன்றியது என்று கேட்கிறது. ஒரே இன்டர்னல் தேர்வு, ஒரே மெஸ் சாப்பாடு. ஒருவன் நொறுங்குகிறான், அறைத்தோழன் போர்த்திக்கொண்டு தூங்குகிறான். அந்த வேறுபாட்டைப் பிடிக்கும் கருவி இது. செலவும் இல்லை. அதே மாணவர்களிடம் செப்டம்பரிலும் ஜனவரியிலும் கேட்டால், ஏறியதா இறங்கியதா என்று நம்பிச் சொல்லலாம்.

சிக்கல், மதிப்பெண்ணுக்குப் பெயர் சூட்டும்போது தொடங்குகிறது. ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 4 வரை, மொத்தம் 40. ஆறு கேள்விகள் நேரானவை. நான்கு எதிர்த்திசையில் மதிப்பிடப்படுபவை: முதல் கட்டத்துக்கு 4, கடைசிக் கட்டத்துக்கு 0. 14 முதல் 26 வரை ‘மிதம்’ என்பது வழக்கத்தில் நிலைத்துவிட்ட பிரிவு, கோஹன் வகுத்ததல்ல. இது நோயைக் கண்டறியும் கருவியே அல்ல என்பதுதான் அவர் நிலைப்பாடு. இப்போது கேள்விகளைப் படிக்கவே படிக்காத ஒரு மாணவரை எடுத்துக்கொள்வோம். பத்திலும் முதல் கட்டத்தையே தொட்டால் அவருக்கு 16. நடுக் கட்டமென்றால் 20. கடைசிக் கட்டமென்றால் 24. எந்த நெடுவரிசையில் விரலை வைத்து இழுத்தாலும் அவர் ‘மிதமான அழுத்தம்’ உள்ளவர்! எதிர்த்திசைக் கேள்விகளை வைத்ததே இப்படிப்பட்டவர்களைப் பிடிக்கத்தான். பிடித்து விலக்கியதாக ஆய்வறிக்கையில் ஒரு வரி இல்லையென்றால் அந்தச் சதவீதத்தை நான் நம்பமாட்டேன்.

விடுதியில் இருப்பவரையும் வீட்டிலிருந்து வருபவரையும் ஒப்பிடும் அட்டவணைகளும் இப்படித்தான். தஞ்சாவூரிலிருந்து வந்து முதன்முதலாகத் தனியே இருக்கிற பையனும் விடுதி மாணவன்; வெள்ளி மதியம் வகுப்பு முடிந்ததும் அபுதாபியில் இருக்கும் பெற்றோரிடம் பஸ் ஏறிவிடுகிற பெண்ணும் விடுதி மாணவி. முன்னவனுக்கு இரவு பத்தரைக்கு வேலை ஓயும்போது ஊரில் நள்ளிரவு, அம்மா தூங்கியிருப்பார். இருவரையும் ஒரே பத்தியில் போட்டுச் சராசரி எடுத்தால், வருவது விடுதியின் அழுத்தமா, வீட்டைப் பிரிந்த அழுத்தமா?

கேள்வித்தாள் வேண்டாம், உமிழ்நீரில் அழுத்த ஹார்மோனான கார்டிசாலைப் பார்க்கலாம் என்பவர்களும் உண்டு. ஆய்வகம் பொய் சொல்லாதுதான். ஆனால் கார்டிசால் தூங்கி எழும் நேரத்தோடு ஏறி இறங்குவது. ரமலானில் வளைகுடாவின் இரவே பகலாகிவிடுகிறது. ஜித்தாவில் நடந்து 2013-இல் வெளியான ஓர் ஆய்வு, நோன்பு மாதத்தில் கார்டிசாலின் அன்றாட ஏற்ற இறக்கமே குலைவதைக் காட்டியது. அந்த மாதத்தில் எடுத்த மாதிரியை வைத்து விடுதியைக் குறை சொல்ல முடியாது.

இவற்றையெல்லாம்விடப் பெரிய குறை ஒன்று இருக்கிறது. வெளிநாட்டு மாணவர்கள் பலருக்குக் கல்லூரியே விசா ஸ்பான்சர். அதே கல்லூரியின் மின்னஞ்சலில் உள்நுழைந்தால்தான் படிவம் திறக்கும் என்றால், ‘அடிக்கடி’ என்பதைத் தொட எத்தனை பேருக்குத் துணிவு வரும்? வார்டனுக்குத் தெரியுமோ, வீட்டுக்குப் போன் போகுமோ என்ற கணக்கு விரலுக்கு முன்னே ஓடும். அமீரகத்தின் 2023-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் நோயாளியின் ரகசியத்தைக் காக்கச் சொல்கிறது. படிவம் நிரப்புகிற மாணவர் நோயாளி இல்லையே.

அளக்கவே கூடாது என்பதல்ல என் கட்சி. மலேசிய ஆய்வாளர் யூசோஃப் மருத்துவ மாணவர்களுக்காக உருவாக்கிய 40 கேள்விகள் அழுத்தத்தின் காரணங்களைப் பிரித்துக் கேட்கின்றன: படிப்பா, ஆசிரியரா, சக மாணவர்களா என்று. விடுதிக்கும் அப்படி ஒன்று வேண்டும். தூக்கம், அறைத்தோழர், மெஸ், அவுட்பாஸ், கல்விக்கடன் ஆகியவற்றைக் கேட்டால் நிர்வாகம் திருத்திக்கொள்ள ஏதாவது கிடைக்கும். ‘மிதம்’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு மெஸ் நேரத்தைக்கூட மாற்ற முடியாது.

அளந்தால் மட்டும் போதாது, உதவ ஆளும் வேண்டும். 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனத்தில் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் வழிகாட்டுதல் தந்தது. அது வளைகுடாவைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் இங்கே பிள்ளையைச் சேர்க்கும் பெற்றோர், கட்டணம் கட்டுவதற்கு முன் இரண்டு கேள்விகளைக் கேட்டுவிடுங்கள்: ஆலோசகர் விடுதிக்கு எந்த நாட்களில் வருகிறார்? அவரிடம் பிள்ளை சொல்வதை வேறு யாரெல்லாம் படிப்பார்கள்?