மாத்திரையை நிறுத்திய பிறகு

'எ பியூட்டிஃபுல் மைண்ட்' (2001) படத்தைப் போன வாரம் மறுபடி பார்த்தேன். இந்தத் தடவை ஒரு வசனத்தில் மாட்டிக்கொண்டேன். நோபல் பரிசுப் பேச்சு வரும் காட்சியில், புதுவகை மருந்துகளைச் சாப்பிடுவதாகக் கணிதமேதை ஜான் நாஷ் சொல்கிறார். நிஜ நாஷ் 1970க்குப் பிறகு அப்படி எந்த மருந்தும் எடுக்கவில்லை. பரிசு கிடைத்ததோ 1994இல்.

படத்தைப் பார்த்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாதே என்ற அக்கறையாக இருக்கலாம். அது நியாயம்தான். மனச்சிதைவில் மருந்தை நிறுத்தினால் நோய் திரும்பும் ஆபத்து பெரிது. நாஷ் விதிவிலக்கு.

என் புகார் வேறு. படத்தில் மனைவி அலிசியா கடைசிவரை கூடவே இருக்கிறார். நிஜத்தில் 1963இல் விவாகரத்து ஆகிவிட்டது. 1970இல் தன் வீட்டிலேயே அவரைத் தங்கவைத்துக்கொண்டார், 2001இல் மறுமணம். விட்டுப்போன உறவு திரும்ப ஒட்டிய கதை அது. படம் அதைத் துடைத்துவிட்டது.

அந்தக் கதையை எலின் சாக்ஸின் 'தி சென்டர் கேனாட் ஹோல்ட்' (2007) மறைக்காமல் சொல்கிறது. சாக்ஸ் சட்டப் பேராசிரியர், மனச்சிதைவோடு வாழ்பவர். மாத்திரையைக் குறைத்தால் நோயும் குறைந்த மாதிரி என்று நம்பி, திரும்பத் திரும்ப நிறுத்திப் பார்க்கிறார். திரும்பத் திரும்ப விழுகிறார். ஒவ்வொரு தடவையும் போய் உட்கார ஒரு மருத்துவர் இருந்தார், நண்பர்கள் இருந்தார்கள். மருந்து தேவை என்று ஏற்றுக்கொள்ளவே அவருக்குப் பல வருஷம் ஆனது. ஒரு குறையும் சொல்லணும்: வாரத்தில் பல நாள் உளப்பகுப்பாய்வுக்குப் போகும் வசதி எத்தனை பேருக்கு வாய்க்கும்?

இதை ஏன் இவ்வளவு நோண்டுகிறேன் என்றால், எங்க சித்தப்பா. உடம்பு போட்டது, பகல் முழுக்கத் தூக்கம். யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திட்டார். மறுபடி குரல்கள் கேட்க ஆரம்பிச்சதும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். "யாரைக் கேட்டு நிறுத்துனீங்க?" என்று வரிசையில் நின்றவர்கள் முன்னாடியே சத்தம். எட்டு மாசம் அந்தப் பக்கமே அவர் போகலை. நாங்க மட்டும் என்ன ஒழுங்கு? காலையில் "சாப்டீங்களா"ன்னு கேட்கிறதுக்கு முன்னாடி "மாத்திரை போட்டாச்சா"ன்னுதான் கேட்டோம்.

பிறகு வேறொரு டாக்டர், "மாத்திரை போட்டா உங்களுக்கு என்ன பண்ணுது?" என்று கேட்டார். சித்தப்பா அரைமணி நேரம் பேசினார். மருந்தை மாற்றினார்கள். இப்போ மாசாமாசம் அவரே பஸ் ஏறிப் போகிறார்.

நிறுத்தியவரைத் திட்டாமல் திரும்ப உட்காரவைப்பதும் சிகிச்சையில் சேர்த்திதான். சாக்ஸின் புத்தகத்துக்கு அது தெரிந்திருக்கிறது. படம் ஒரு வசனத்தில் முடித்துக்கொண்டது.