கைதட்டலால் கால் வேகம் பெறாது

மாவட்டத் திடல்தடப் போட்டி நெருங்கினால் தமிழ்ப்பள்ளி ஓட்டக்காரர்களுக்குத் தன்முனைப்பு முகாம் நடத்துவது இப்போது வழக்கமாகிவருகிறது. நெகிரி செம்பிலான் தோட்டப் பள்ளிகளும் இதற்கு விலக்கல்ல. பேச்சாளர் வருவார். கண்ணை மூடி வெற்றி மேடையில் நிற்பதாக நினைக்கச் சொல்வார். "என்னால் முடியும்" என்று மண்டபம் அதிரக் கத்த வைப்பார். நம் பிள்ளைகளுக்கு உடலில் குறையில்லை, மனத்தில்தான் உறுதியில்லை என்பது இதை ஆதரிப்போர் வாதம். விளையாட்டு உளவியலின் பெயரால் வைக்கப்படும் இந்த வாதத்தை அந்த உளவியலே ஏற்காது.

முகாமில் நல்லது இல்லாமல் இல்லை. மனக்காட்சிப் பயிற்சி, இலக்கு வகுத்தல், மூச்சை நிதானப்படுத்துதல் எல்லாம் சோதித்துத் தேறிய முறைகள். கால்பந்து வீரர் எஸ். குணாளனின் கதையைச் சொல்வதும் நல்லதே. 2011 மலேசியக் கிண்ண இறுதியாட்டத்தில் திரெங்கானு முந்தியிருந்தபோது நெகிரி செம்பிலானுக்குச் சமன் கோல் போட்டவர் அவர். தன்னைப் போன்ற ஒருவர் சாதித்ததைக் காணும் பிள்ளைக்கு நம்பிக்கை பிறக்கும்.

கோளாறு வேறிடத்தில் இருக்கிறது. தன்திறன் நம்பிக்கைக்கு நான்கு ஊற்றுகள் உண்டென்று உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-இல் எழுதினார்: தானே செய்து கண்ட வெற்றி, பிறர் செய்வதைப் பார்த்தல், பிறர் வாய்ச்சொல், தன் உடலின் படபடப்பை ஒருவர் புரிந்துகொள்ளும் விதம். இவற்றில் வலியது முதலாவது. வாய்ச்சொல்லால் வந்த நம்பிக்கை களத்தில் ஒரு தோல்வி கண்டதும் கரைந்துவிடும். நம் முகாம்கள் வலுவில்லாததைப் பிடித்துக்கொண்டு வலியதைக் கைவிட்டிருக்கின்றன.

அந்த வலியது திடலில்தான் கிடைக்கும். லாபுவிலிருந்து பகாவ் வரை ஏதேனும் ஒரு தோட்டப் பள்ளித் திடலில் போய் நின்று பாருங்கள். சுற்றிலும் செம்பனை, இன்று போட்ட சுண்ணாம்புக் கோடு நாளை மழையில் கரைந்திருக்கும். மாணவர் எண்ணிக்கை 150-ஐத் தாண்டாத பள்ளியில் அஞ்சலோட்டத்துக்கு ஒரே வயதில் நால்வரைத் தேர்வதே பெரும்பாடு. பயிற்சி கொடுப்பவர் காலையெல்லாம் கணிதம் எடுத்துக் களைத்த ஆசிரியர். செண்டாயானைப் போலத் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளானபின் குடும்பங்கள் தாமான்களுக்குப் போய்விட்டன. பிள்ளைகள் வேனில் வருகிறார்கள். பள்ளி விட்டதும் வேன் புறப்பட்டுவிடும். மாலைப் பயிற்சிக்கு நின்றால் வீடு திரும்ப வழியில்லை.

இப்படி வளர்ந்த பிள்ளை மாவட்டப் போட்டியில்தான் முதன்முறையாகச் செயற்கை ஓடுபாதையில் கால் வைக்கிறது. பக்கத்துத் தடத்தில் நிற்பவன் ஆணிக்காலணி போட்டு மாதக்கணக்காகப் பயிற்சி எடுத்தவன். நம் பிள்ளை கடைசியாக வருகிறது. தோற்றவர் தோல்விக்கு எதைக் காரணமாகக் கொள்கிறாரோ, அதுவே அவருடைய அடுத்த முயற்சியைத் தீர்மானிக்கும் என்பது உளவியலாளர் பெர்னார்ட் வைனரின் கோட்பாடு. பயிற்சி போதவில்லை என்று எண்ணுபவன் மறுபடி திடலுக்கு வருவான்; தன்னிடமே குறை என்று எண்ணுபவன் ஒதுங்கிவிடுவான். "மனம் வைத்தால் முடியும்" என்று போன வாரம்தான் கேட்ட பிள்ளைக்கு மிஞ்சும் காரணம் ஒன்றுதான்: தன் மனம் போதவில்லை. பயிற்றுநர் இல்லாத குறையும் வேன் நிற்காத குறையும் பத்து வயதுப் பிள்ளையின் தலையில் ஏற்றப்படுகின்றன. இதை ஊக்கம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

குறை பிள்ளையின் மனத்தில் என்றாகிவிட்டால் பெரியவர்களுக்கு வேலை மிச்சம். திடலைக் கேட்டுத் தோட்ட நிர்வாகத்திடம் போக வேண்டாம். பயிற்றுநரைக் கேட்டுக் கல்வி இலாகாவின் கதவைத் தட்ட வேண்டாம். ஒரு நாள் பேச்சு, ஒரு குழுப்படம், கடமை முடிந்தது.

பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் முகாமுக்கு ஒதுக்கும் பணத்தை மாலை வேனுக்கும் பகுதிநேரப் பயிற்றுநருக்கும் கொடுக்கட்டும். வாரந்தோறும் தான் ஓடிய நேரத்தைப் பிள்ளையே தன் நோட்டில் எழுதட்டும். அரை வினாடி குறைந்திருப்பதைத் தன் கையெழுத்தில் பார்க்கும் பிள்ளைக்கு வரும் நம்பிக்கையை எந்தப் பேச்சாளராலும் தர முடியாது. அந்த ஏற்பாடு வரும்வரை முகாம்களை நிறுத்திவைப்பதே நம் பிள்ளைகளுக்குச் செய்யும் நன்மை.