கோசெ: உப்பு போட்ட பீரை ருசிப்பது எப்படி?

பீரில் உப்பா என்று முகம் சுளிப்பவர்கள் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் ஒரு கிளாஸ் கோசெ வாங்கிக் குடித்துப் பார்க்கலாம். பாதியளவு கோதுமை மால்ட், லாக்டிக் அமிலம் தரும் புளிப்பு, கொஞ்சம் உப்பு, கொத்தமல்லி விதை. இவ்வளவுதான் சங்கதி. ஆல்கஹால் நாலரை சதவீதத்தை ஒட்டியே இருக்கும்.

கோஸ்லார் ஊரில் ஓடும் கோசெ ஆற்றின் பெயரே பீருக்கும் ஒட்டிக்கொண்டது. பிறந்தது அங்கே என்றாலும் செல்லமாக வளர்ந்தது லைப்சிக்கில். 1966-ல் அங்கே கடைசி ஆலையும் கோசெ காய்ச்சுவதை நிறுத்த, பீரே இல்லாமல் போனது. கிழக்கு ஜெர்மனி காலத்திலேயே, 1986-ல், லோதார் கோல்ட்ஹான் என்பவர் 'ஓனே பெடென்கென்' என்ற பழைய கோசெக் கடையைத் திறந்து அதற்கு மறுபடி உயிர்கொடுத்தார். 2000-ல் பழைய ரயில் நிலையமான பயரிஷர் பான்ஹோஃபிலும் ஓர் ஆலை வந்தது.

இன்று பல ஆலைகள் புளிப்பை முதலிலேயே ஏற்றிவிடுகின்றன. மால்ட்டை வெந்நீரில் ஊறவைத்து வடித்த இனிப்புச் சாற்றில் லாக்டோபேசில்லஸ் பாக்டீரியாவை விட்டு, 40 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் ஓரிரு நாள் வைக்கிறார்கள். தயிர் உறைவதும் இதே வகைப் பாக்டீரியாவால்தான். பீருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் பூ இந்தப் பாக்டீரியாவை அடக்கிவிடும் என்பதால், அதைப் பிறகுதான், அதுவும் பேருக்குத்தான் சேர்ப்பார்கள். போதிய புளிப்பு ஏறியதும் கொதிக்கவைத்தால் பாக்டீரியா செத்துவிடும். கொதி முடியும் தறுவாயில் இடித்த மல்லியும் உப்பும் விழும். ஆறியபின் ஈஸ்ட்.

குடிக்கும்போது அவசரம் வேண்டாம். முதலில் மணம்: எலுமிச்சைத் தோல் போன்ற வாசம் மல்லியிலிருந்து வருவது. அடுத்தது புளிப்பு, சுருக்கென்று வந்து சட்டென்று விலக வேண்டும். உப்பு தனியாகக் கரிக்கக் கூடாது. வாயில் ஒரு நிறைவாக மட்டும் தெரிந்தால் போதும். கடல்நீர் போலக் கரித்தால் அது கைப்பக்குவக் கோளாறு.

சாப்பாட்டோடு சேர்ப்பதில் கோசெக்கு ஈடு குறைவு. பொரித்த மீனுக்கு எலுமிச்சை பிழிகிறோமே, அந்த வேலையை இதன் புளிப்பே பார்த்துக்கொள்ளும். சிப்பி, புகையிட்ட மீன், ஆட்டுப்பால் சீஸ், ஷ்னிட்செல் என்ற பொரித்த இறைச்சி எல்லாம் பொருந்தும்; நுரையும் புளிப்பும் கொழுப்பை வழித்துவிடும். கருவாடு போல உப்பு தூக்கலான பதார்த்தம் மட்டும் வேண்டாம், இரண்டு உப்பும் சேர்ந்து நாக்கை மரக்கச் செய்யும். லைப்சிக்காரர்கள் சிலர் இதில் சீரக மணமுள்ள க்யூமெல் மதுவை ஊற்றிக் குடிப்பதுண்டு. முதல் கிளாஸை எதுவும் கலக்காமல், நன்றாகக் குளிரவைத்துக் குடியுங்கள்.