அபிமானமும் ஆராய்ச்சியும்

ஒருவனிடத்தில் அன்பு கொண்டவன் அவனைப் பற்றி உண்மையை எழுத வல்லவனா என்னும் கேள்வி இலக்கிய உலகில் நெடுநாளாக இருந்து வருவதாகும். அன்பில்லாதவன் எழுதினால் நூலில் உயிர் இராது என்பர். அன்பு மிகுந்தவன் எழுதினால் நூலில் உண்மை இராது என்பர். முன்னது பெரும்பாலும் மெய். பின்னது எவ்வளவு தூரம் மெய் என்பதை ஓர் உதாரணங் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். நாம் எடுத்துக்கொள்ளும் உதாரணம், அமெரிக்கா தேசத்துக் கலிபோர்னியா மாகாணத்தில் 1965-ஆம் ஆண்டு தோன்றி, முப்பதாண்டுக் காலம் ஊர் ஊராகச் சென்று வாசித்த 'கிரேட்புல் டெட்' என்னும் ராக் இசைக் கோஷ்டியும், அதன் அபிமானிகள் எழுதிக் குவித்த நூல்களுமாம்.

கோஷ்டியின் பெயரே விநோதமானது. 'நன்றியுள்ள இறந்தோர்' என்பது அதன் பொருள். பல தேசங்களில் வழங்கும் ஒரு நாடோடிக் கதையினின்று வந்தது இது. கடன்பட்டு இறந்து, அடக்கம் செய்வாரின்றிக் கிடந்த ஒருவனைக் கண்ட வழிப்போக்கன், தன் கைப்பொருளைச் செலவிட்டு அவனை அடக்கம் செய்விக்கிறான். பின்னர் இறந்தவனே துணைவன் வடிவில் வந்து அவனுக்கு உதவுகிறான். அகராதியொன்றைப் புரட்டும்போது இப்பெயர் ஜெரி கார்ஸியா என்பாரின் கண்ணிற் பட்டதாம். அவரே கோஷ்டியின் முதன்மையான கிதார் வாசிப்பாளர். பாப் வியர், பில் லெஷ், ரான் மக்கெர்னன், பில் கிராய்ட்ஸ்மன் என்போர் அவருடன் தொடங்கினர். 1967-இல் மிக்கி ஹார்ட் என்னும் இரண்டாவது டிரம் வாசிப்பாளர் சேர்ந்தார். பாட்டுக்களிற் பலவற்றுக்குச் சொல் அமைத்துக் கொடுத்தவர் ராபர்ட் ஹன்டர் என்னும் கவிஞர்.

இக்கோஷ்டியைப் பின்தொடர்ந்து ஆயிரக்கணக்கானோர் நகரம் நகரமாகச் சென்றதற்குக் காரணம் என்ன? இன்றிரவு வாசித்ததை இவர்கள் நாளை அப்படியே வாசிப்பதில்லை. பாட்டின் வரிசை நாள்தோறும் மாறும். ஒரே பாட்டு ஒருநாள் ஐந்து நிமிஷத்தில் முடியும். மற்றொரு நாள் அரைமணி நேரம் விரியும். ஒரே ராகத்தை நல்ல வித்துவான் ஒவ்வொரு கச்சேரியிலும் வேறு வேறாக விரிப்பதைக் கேட்டுப் பழகிய நம்மவர்க்கு இதன் சுவையை விளக்க வேண்டுவதில்லை. முப்பதாண்டுகளில் இவர்கள் நிகழ்த்திய கச்சேரிகள் 2,300-க்கு மேற்பட்டவை. ஆனால் இசைத்தட்டு விற்பனையில் இவர்கள் முன்னணியில் நின்றாரல்லர். அமெரிக்க விற்பனைப் பட்டியலின் முதற் பத்து இடங்களுள் இவர்களுடைய பாட்டு ஏறியது ஒரே முறை, அதுவும் 1987-இல். ஆகவே இவர்களது கலை தட்டில் இருந்ததைக் காட்டிலும் மேடையிலேயே இருந்தது எனலாம். மேடையில் எழுந்த நாதமோ காற்றோடு போவது. அதைப் பிடித்து வைப்பவர் யார்?

அபிமானிகளே பிடித்து வைத்தனர். 1971-இல் வெளிவந்த ஓர் இசைத்தட்டின் உறையிலே, தங்கள் பெயரையும் விலாசத்தையும் அனுப்புமாறு அபிமானிகளுக்குக் கோஷ்டியார் அறிவிப்புச் செய்தனர். கடிதங்கள் வந்து குவிந்தன. 'டெட்ஹெட்' என்ற பெயரால் அறியப்பட்ட அக்கூட்டத்தினர் ஒலிவாங்கியையும் நாடாப் பெட்டியையும் சுமந்துகொண்டு கச்சேரிக்கு வந்தார்கள். பிற கோஷ்டியார் இத்தகையோரைத் திருடரென்று விரட்டிய காலத்தில், இவர்கள் 1984-இல் கொட்டகைக்குள்ளேயே அவர்களுக்கென ஓரிடம் ஒதுக்கிக் கொடுத்தார்கள். இதற்கு ஒரு தர்மம் உண்டு. நாடாவை விற்றுக் காசாக்கலாகாது. வேண்டுவோர் வெற்று நாடாவும் தபால் செலவும் அனுப்பினால் படியெடுத்துக் கொடுத்துவிட வேண்டும். படியிலிருந்து படி எடுக்க எடுக்க இரைச்சல் மிகும். ஆதலால் மூலத்திற்கு நெருங்கிய படிக்கே மதிப்பு. ஏட்டைப் பிழையறப் படியெடுத்தவன் கையால் நூல் வாழ்வது போல, இவர்கள் கையால் அந்த இசை வாழ்ந்தது.

இனி நூல்களுக்கு வருவோம். முதலிற் குறிப்பிடத்தக்கது 1987-இல் வெளிவரத் தொடங்கிய 'டெட்பேஸ்' என்னும் பட்டியல் நூல். ஜான் ஸ்காட், மைக் டால்குஷ்கின், ஸ்டூ நிக்ஸன் என்னும் மூவர் தொகுத்தது. எந்த நாள், எந்த ஊர், எந்தக் கொட்டகை, எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு என்பதே அதன் பொருளடக்கம். இதைப் பைத்தியக்காரத்தனம் என்று நகைப்பவர் இருப்பர். நாம் நகையோம். காலமும் இடமும் வரிசையும் திட்டமாகத் தெரியாத விடத்தில் சரித்திரம் எழுத முடியாது. சரித்திரமின்றி விமர்சனம் பிறவாது. கணக்கப்பிள்ளையின் வேலையென்று தோன்றும் இதுவே ஆராய்ச்சியின் முதற்படி.

இரண்டாவது, 1994-இல் டேவிட் ஷெங்க், ஸ்டீவ் ஸில்பர்மன் ஆகிய இருவர் வெளியிட்ட 'ஸ்கெலிட்டன் கீ' என்னும் அகராதி. அபிமானிகள் தமக்குள் வழங்கிய சொற்களுக்கெல்லாம் பொருள் கூறுவது. ஒரு கூட்டத்தார் தமக்கென ஒரு பாஷையை உண்டாக்கிக் கொள்வதை இந்நூல் நன்கு காட்டுகிறது. ஆயினும் உள்ளே இருப்பவர்க்கு இனிக்கும் நகைச்சொற்கள் வெளியே நிற்பவனுக்குக் கதவடைப்பதையும் காண்கிறோம். இக்குறை அபிமானிகள் எழுதும் நூல்களிற் பலவற்றுக்கும் பொது.

மூன்றாவது, மைக்கேல் கெட்ஸ், ஜான் டுவார்க் என்போர் பதிப்பித்து 1998 முதல் மூன்று பாகங்களாக வெளிவந்த நாடாத் திரட்டு நூல். கச்சேரி கச்சேரியாகக் கேட்டு, இந்த நாள் சிறந்தது, இந்த நாள் சோர்ந்தது, இந்த நாடாவின் ஒலி தெளிவு, இதன் ஒலி மங்கல் என்று அபிமானிகள் பலர் தீர்ப்புக் கூறுகின்றனர். நம்முடைய கேள்விக்கு விடை இங்கேதான் கிடைக்கிறது. ஒரு பாட்டை ஒருமுறை கேட்டவன் 'ஆகா' என்பான். ஐம்பது இரவுகளின் நாடாவில் அதையே கேட்டவனுக்கோ எந்த இரவில் விரல் தடுமாறியது, எந்த இரவில் மனம் ஈடுபடவில்லை என்பது தெரிந்துவிடும். மிகுந்த அன்பே அவனை நுட்பமான நீதிபதியாக்குகிறது. அன்பு மிகுந்தால் உண்மை கெடும் என்பார் இந்நூலை ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டுச் சொல்வோம். 1977-ஆம் ஆண்டு மே மாதம் 8-ஆம் தேதி கார்னெல் சர்வகலாசாலையின் பார்ட்டன் மண்டபத்தில் நடந்த கச்சேரியே இவர்களுடைய கச்சேரிகளுள் தலைசிறந்தது என்று அபிமானிகளிற் பெருந்தொகையினர் கூறி வந்தனர். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தார் பாதுகாக்கத்தக்க ஒலிப்பதிவுகளின் ஜாபிதாவில் இதனை 2012-இல் சேர்த்து அறிவித்தனர். 2017-இல் பீட்டர் கானர்ஸ் என்பவர் இந்த ஒரே இரவைப் பற்றி ஒரு தனி நூல் எழுத, அதனை அச்சர்வகலாசாலையின் பதிப்பகமே வெளியிட்டது. ஆனால் அபிமானிகளுள்ளேயே மறுப்பாளரும் உண்டு. பெட்டி கேன்டர்-ஜாக்ஸன் என்னும் பெண்மணி செய்த அந்தப் பதிவு மிகத் தெளிவானது. தெளிவான படி எங்கும் பரவியதால் அந்த இரவின் புகழும் பரவியது. அதே மாதத்தில் இதற்கு இளைக்காத இரவுகள் வேறும் உண்டு என்பது அவர்கள் வாதம். வாதம் எவ்வாறாயினும், ஒரு கலைப்பொருளின் புகழுக்கு அதன் தகுதி எவ்வளவு காரணம், அது கைக்கெட்டிய விதம் எவ்வளவு காரணம் என்று பிரித்துக் கேட்பது உயர்ந்த விமர்சனமன்றோ?

கல்விமான்களும் பின்னர் இத்துறையில் இறங்கினர். ரெபெக்கா ஆடம்ஸ் என்னும் சமூகவியல் ஆசிரியை 1989-இல் தம் மாணாக்கரை இக்கோஷ்டியின் கோடைக்காலச் சுற்றுப்பயணத்திற்கே அழைத்துச் சென்று ஆராயச் செய்தார். 2008-இல் கோஷ்டியார் தம்மிடமிருந்த கடிதங்கள், விளம்பரத் தாள்கள் முதலியவற்றைக் கலிபோர்னியாவின் ஸான்டா குரூஸ் சர்வகலாசாலைக்கு நன்கொடையாக அளித்தனர். அபிமானிகள் அனுப்பிய அலங்காரக் கடித உறைகளும் அங்கே காக்கப்பட்டுள்ளன. சாமானியன் எழுதிய கடித உறைக்கும் சரித்திரத்தில் இடமுண்டு என்பதை நம் வாசகர்கள் கருதத்தக்கது.

நல்ல அபிமானம் ஒரு வாயிலிலேயே நின்றுவிடாது. அது வேறு பல வாயில்களையும் திறக்கும். மிக்கி ஹார்ட் உலகத்துத் தாளக் கருவிகளைப் பற்றி நூல்கள் எழுதினார். 1991-இல் அவர் 'பிளானட் டிரம்' என்னும் இசைத்தொகுப்பை வெளியிட்டபோது, நைஜீரியர், பிரேஸில் தேசத்தார் முதலியோருடன், தமிழ்நாட்டுக் கடவித்துவான் விக்கு விநாயகராமும் அதில் வாசித்தார். கலிபோர்னியாக் கிதாரைத் தேடிச் சென்ற அமெரிக்க வாலிபன், அதன் வழியே நம் நாட்டு மண்பானையின் நாதத்தைக் கேட்டான் என்றால், அது அபிமானம் அளித்த கல்வியாகும்.

இவ்வளவும் புகழ்ந்தோம். இனிக் குறை கூறவேண்டிய இடத்துக்கு வருகிறோம். பாட்டைப் பற்றி அத்துணைக் கறாராகத் தீர்ப்புக் கூறிய கூட்டம், பாடியவனைப் பற்றி அவ்வாறு கூறியதா?

ஜெரி கார்ஸியா போதை மருந்துக்கு அடிமைப்பட்டிருந்தார். 1986-ஆம் ஆண்டு ஜூலை மாதம் நீரிழிவினால் நினைவிழந்து சில நாட்கள் கிடந்தார். பிழைத்தெழுந்தபின் கிதாரை மறுபடியும் கற்க வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு அந்த ஒரு பாட்டு நாடெங்கும் பிரசித்தியடையவே கூட்டம் பெருகிற்று. கோஷ்டியை நம்பிப் பிழைத்த பணியாளர் பலர். கச்சேரியை நம்பி வந்த அபிமானிகள் பல்லாயிரவர். உடல் நலிந்த ஒரு மனிதர் ஓயாமல் மேடையேறினார். அவர் சொற்களை மறந்ததும் விரல் சோர்ந்ததும் அக்கால நாடாக்களில் தெளிவாகக் கேட்கின்றன. கேட்டவர்கள் அதனைக் குறித்தும் வைத்தார்கள். ஆயினும் அடுத்த கச்சேரிக்கு டிக்கட்டும் வாங்கினார்கள். 1995-ஆம் ஆண்டு ஜூலை 2-ஆம் தேதி இந்தியானா மாகாணத்து டீர் கிரீக் அரங்கில், டிக்கட்டில்லாத ஆயிரக்கணக்கானோர் வேலியைத் தகர்த்து உட்புகுந்தனர். மறுநாட் கச்சேரி நிறுத்தப்பட்டது. அன்பின் பேரால் நடந்த அழிவு இது. அம்மாதம் 9-ஆம் தேதி சிக்காகோவில் நடந்ததே கடைசிக் கச்சேரி. ஆகஸ்ட் 9-ஆம் தேதி, போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சை தரும் நிலையமொன்றில், ஐம்பத்து மூன்றாம் வயதில் கார்ஸியா காலமானார். அவ்வாண்டு டிசம்பரில் மற்றையோர் கோஷ்டியைக் கலைத்தனர்.

இந்தக் கடைசிக் காலத்தை எழுதுமிடமே ஆசிரியனுக்குச் சோதனைக் களம். டென்னிஸ் மக்னாலி 2002-இல் வெளியிட்ட பெருஞ்சரித்திரம் செய்தி நிறைந்தது. அவர் கோஷ்டியாராலேயே சரித்திராசிரியராக அமர்த்தப்பட்டு, 1984 முதல் அவர்களுடைய பத்திரிகைத் தொடர்பாளராகவும் இருந்தவர். உள்ளிருந்து கண்டதால் அவருக்குத் தெரியாததில்லை. உண்மையை மறைத்தாரென்றும் கூறுவதற்கில்லை. ஆயினும் வளர்ந்த காலத்துக்கு அவர் தந்த விரிவைத் தளர்ந்த காலத்துக்குத் தரவில்லை. வீட்டுக்குள் இருப்பவன் விளக்கை எங்கே தாழ்த்துகிறான் என்பதைக் கவனித்தால் நூலின் எல்லை விளங்கும். 1984 முதல் ஓர் அபிமானிப் பத்திரிகையை நடத்திய பிளேர் ஜாக்ஸன், 1999-இல் எழுதிய கார்ஸியாவின் ஜீவிய சரித்திரத்தையே நாம் மேலானதெனக் கொள்வோம். அவர் இசையைப் புரிந்துகொண்டு போற்றுகிறார். போதையையும் அதனால் நண்பரும் குடும்பத்தாரும் பட்ட துயரையும் நேராகச் சொல்கிறார். வெறுப்பின்றிக் குற்றம் கூறவும், மயக்கமின்றிப் புகழவும் அவர் அறிந்திருந்தார். சிறந்த அபிமானியின் இலக்கணம் இதுவே.

ஆகவே, தொடக்கத்திற் கேட்ட கேள்விக்கு விடை இது: அன்பு மிகுந்தவன் உண்மை எழுத வல்லவனே, ஆனால் தன் அன்பு ஏற்றிய பாரத்தையும் அவன் கணக்கில் எழுதத் துணிய வேண்டும். இன்றிரவு வாசிப்பு நன்றாயில்லை என்று குறித்து வைத்த அபிமானி, வாசிப்பவன் ஏன் நலிந்தான், அதில் தன் கைதட்டலுக்குப் பங்குண்டா என்றும் கேட்டிருக்க வேண்டும். அக்கேள்வியைக் கேட்டவர் மிகச் சிலர்.

நேயர்களே! பாடகனோ, நடிகனோ, எழுத்தாளனோ, உங்கள் உள்ளங் கவர்ந்தவன் எவனாயினும், அவன் செய்ததைத் தேதியோடு குறித்து வையுங்கள். பிறருக்குக் காசு வாங்காமல் எடுத்துக் கொடுங்கள். நன்றை நன்றென்றும் தீதைத் தீதென்றும் எழுதுங்கள். அவனையும் பசியும் பிணியும் உள்ள மனிதனாகவே காணுங்கள். கைதட்டுபவன் சற்றே கையை நிறுத்தி, 'ஐயா, இன்று ஓய்வு கொள்ளும்' என்று சொல்லக் கூடுமாயின், அந்த அபிமானம் கலைக்கும் கலைஞனுக்கும் காவலாகும்.