பட்டாம்பூச்சிக் காதலர்: வயலினின் வெற்றி, ஆர்கெஸ்ட்ராவின் தடுமாற்றம்

சீனாவில் எழுதப்பட்ட வயலின் கான்செர்ட்டோக்களில் உலகெங்கும் பரவலாக வாசிக்கப்படுவது 'பட்டாம்பூச்சிக் காதலர்'. ஷாங்காய் இசைக் கல்லூரியின் மாணவர்கள் ஹே ஜான்ஹாவும் சென் காங்கும் சேர்ந்து எழுதியது. 1959 மே 27 அன்று ஷாங்காயின் லைசியம் அரங்கில், இருபது வயதைக்கூடத் தொடாத யூ லினா என்ற மாணவி அதை முதன்முதலில் வாசித்தார். சீனக் கேட்போரில் பெரும்பாலோருக்கு இது விமர்சனத்துக்கு அப்பாற்பட்ட படைப்பு. மேற்கத்திய இசையில் ஊறிய காதுகளில் பலவற்றுக்கோ இது சினிமாப் பின்னணி இசை. இரு தரப்பும் கேட்பது அதன் காதல் மெட்டை மட்டும்தான். படைப்பை எடைபோட வேண்டுமென்றால் மெட்டைத் தாண்டி, அதைச் சுற்றி எழுப்பிய கட்டுமானத்தையும் கேட்டாக வேண்டும்.

கதை பழையது. ஆண் வேடமிட்டுப் படிக்கப் போகிறாள் ஜூ யிங்தாய். உடன் பயிலும் லியாங் ஷான்போவுக்கு மூன்று ஆண்டுகளாகியும் அவள் பெண்ணென்று தெரிவதில்லை. தெரியவரும்போது அவளை வேறொரு வீட்டுக்குப் பேசி முடித்துவிட்டார்கள். அவன் மனமுடைந்து இறக்கிறான். மணக்கோலத்தில் வந்தவள் பிளந்த கல்லறைக்குள் குதிக்கிறாள். இரண்டு பட்டாம்பூச்சிகள் வெளியே பறக்கின்றன. ஜெஜியாங் பகுதியின் யுவே இசைநாடகத்தில் இது உயிர்நாடியான கதை. பெண்களே ஆண் பாத்திரங்களையும் ஏற்கும் மரபு அது. இந்த நாடகம் 1953இல் வண்ணப்படமானது; மறு ஆண்டு ஜெனீவா மாநாட்டுக்குப் போன சீனப் பிரதமர் சூ என்லாய் அதை அயல்நாட்டு விருந்தினருக்குத் திரையிட்டுக் காட்டினார்.

கான்செர்ட்டோவுக்கு வருவதற்கு முன் ஹே ஜான்ஹாவ் யுவே நாடகக் குழுவில் இருந்தவர். இந்தப் படைப்பின் பலம் முழுவதும் அங்கிருந்து வருகிறது. வயலின் இங்கே பாடகியின் தொண்டையாகவே நடந்துகொள்கிறது. ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு விரல் சறுக்கும் ஜாருக்கள் மேலே பூசிய அலங்காரமல்ல. அவற்றை எடுத்துவிட்டால் மெட்டே மிஞ்சாது. மோகனத்தின் ஐந்து சுரங்களுக்குள்தான் காதல் மெட்டு நகர்கிறது. ஆனால் ஒவ்வொரு சொற்றொடரும் எங்கே மூச்சு விடுகிறது, எங்கே இழுத்துப் பிடிக்கிறது என்பதெல்லாம் மேடையில் நின்று பாடியவர்களிடம் கற்றது. நாட்டுப்புற மெட்டு ஒன்றை எடுத்து ஐரோப்பியச் சட்டை போட்டுவிட்ட வேலையல்ல இது. அத்தகைய வேலைகள் அந்தக் காலத்தில் பல நாடுகளில் குவிந்தன. அவற்றில் பெரும்பாலானவற்றை இன்று யாரும் வாசிப்பதில்லை.

தொடக்கத்தை மட்டும் கேட்டாலே இசையமைப்பாளர்களின் நிதானம் விளங்கும். தனிப் புல்லாங்குழல், பின்பு ஓபோ. வசந்த காலம், இளங்காற்று. விவால்டி தன் நான்கு பருவங்களில் பறவையைக் கூவ வைத்தார், இடியை இடிக்க வைத்தார், நாயைக் குரைக்க வைத்தார். அங்கே பருவம் என்பது நடக்கும் நிகழ்ச்சிகளின் வரிசை. இங்கே வசந்தம் இருவரும் சந்திப்பதற்கான நிலைமை. சில வரிகளில் அது நிறுவப்படுகிறது, பிறகு விலகிக்கொள்கிறது. அது திரும்பி வரும் இடத்தில்தான் இந்தப் படைப்பின் கருத்தே இருக்கிறது.

அதற்கு நடுவில்தான் சிக்கல். படைப்பு ஒரே இயக்கம், சொனாட்டா வடிவம். ஜி மேஜரில் காதல் மெட்டு, ஈ மேஜரில் பள்ளி நாட்களின் துள்ளல், பிறகு பிரிவு. பள்ளிப் பகுதி எனக்கு நீளமாகவே படுகிறது. சுறுசுறுப்பு இருக்கிறது, ஆனால் அந்தத் துள்ளலில் ஜூவையோ லியாங்கையோ அடையாளம் காண முடிவதில்லை. அடுத்து வளர்ப்புப் பகுதி. சேகண்டி அதிர்கிறது, தாழ்ந்த குரல் கருவிகள் உறுமுகின்றன, தந்தையின் கொடுமையைப் பித்தளை ஊதுகருவிகள் முழங்குகின்றன. நிலப்பிரபுத்துவ ஒடுக்குமுறை என்று அன்றைய சீன அரசியல் சொல்லகராதி கேட்டதை ஆர்கெஸ்ட்ரா அப்படியே கொடுக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு ரஷ்ய இசையிலிருந்து வந்த இணக்கங்கள், எதிர்பார்த்த இடத்தில் எதிர்பார்த்த முழக்கம். வயலினுக்கு யுவே நாடகம் தெரிகிறது. ஆர்கெஸ்ட்ராவுக்கு அது தெரியவில்லை. இருவரும் வாதிட வேண்டிய இடத்தில் வெவ்வேறு பள்ளிகளில் படித்தவர்களாக நிற்கிறார்கள். சொனாட்டா தன் வலிமையைக் காட்ட வேண்டிய இடத்திலேயே படைப்பு மெலிகிறது.

அந்தப் பகுதிக்குள்ளேயே இரண்டு இடங்கள் அதை மீட்கின்றன. ஒன்று, மாடியில் காதலர் கடைசியாகச் சந்திக்கும் காட்சி: வயலின் ஜூவாகவும் செல்லோ லியாங்காகவும் மாறி மாறிப் பேசுகின்றன. ஒருவர் முடிக்கும் முன் மற்றவர் தொடங்கும் அந்தப் பின்னலில் ஒரு சுரம்கூட வீண் இல்லை. மற்றொன்று கல்லறைக் காட்சி. பான்கு என்ற சிறு மேளம் கீழே விரைந்து துடிக்க, மேலே வயலின் காலப்பிரமாணத்துக்குக் கட்டுப்படாமல் நீட்டி அழுகிறது. பாட்டு மெதுவாகவும் தாளம் வேகமாகவும் ஓடும் இந்த உத்தி சீன நாடக மேடைக்கே உரியது. ஐரோப்பிய கான்செர்ட்டோவுக்கு இப்படி ஒரு பதற்றத்தை உண்டாக்கும் வழி தெரியாது. கான்செர்ட்டோ என்பதை மறந்து நாடகமாகும் கணங்களில்தான் இந்தப் படைப்பு உச்சத்துக்குப் போகிறது.

ஒரு மறுப்பை இங்கே நேராகச் சந்திக்க வேண்டும். இருபதுகளில் இருந்த மாணவர்களிடம், அதுவும் மாவோவின் 'மாபெரும் பாய்ச்சல்' இயக்கத்தின் நடுவில், இதற்கு மேல் கேட்பது நியாயமா? கல்லூரியின் முன் அவர்கள் வைத்த தலைப்புகளில் எஃகு உருக்குவதும் பெண்கள் படையும் இருந்தன. காதல் கதையைத் தேர்ந்தது கல்லூரியின் கட்சிப் பொறுப்பாளர் மெங் போ. பொருள்முதல்வாதத்துக்கு ஒவ்வாதென்று பட்டாம்பூச்சி முடிவை முதலில் தவிர்த்திருந்தார்கள். அதையும் சேர்க்கச் சொன்னவர் அவரே. பண்பாட்டுப் புரட்சியில் இந்தப் படைப்பு தடைபட்டது. இந்தச் சூழல் அவர்களின் துணிவைப் பெரிதாக்குகிறது. பித்தளை முழக்கங்களை நல்ல இசையாக்குவதில்லை.

வேறொரு வழி உண்டு என்பதை இன்னொரு சீன இசையமைப்பாளரான சென் சிகாங் பிற்பாடு காட்டினார். மெசியானிடம் பாரிஸில் பயின்ற அவர் எழுதிய 'துன்பத்தின் இன்பம்' 2017இல் பெய்ஜிங் இசை விழாவில் மாக்சிம் வெங்கெரோவின் கையில் அரங்கேறியது. குச்சின் என்ற சீனத் தந்திக் கருவிக்கான பழைய மெட்டு 'யாங்குவான் சான்தியே' அதன் விதை. அங்கே ஆர்கெஸ்ட்ராவும் வயலினும் ஒரே மொழி பேசுகின்றன; மெட்டு துணையைத் தேடுவதில்லை, துணையே மெட்டின் துகள்களால் ஆனது. கட்டுமானத்தில் அது மேலானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஒருமுறை கேட்டவர் முணுமுணுத்துக்கொண்டு வெளியேறும் படைப்பல்ல அது. அந்தக் குறை சிறியதல்ல.

கடைசிப் பகுதி. சொனாட்டாவில் முதல் மெட்டு திரும்பி வர வேண்டும். கதையில் இறந்தவர்கள் திரும்பி வர வேண்டும். வடிவத்தின் விதியும் கதையின் விதியும் ஒன்றாகும் இந்தத் தற்செயலை, அல்லது மேதைமையை, நான் வேறெந்தக் கதைசொல்லும் கான்செர்ட்டோவிலும் இவ்வளவு துல்லியமாகக் கேட்டதில்லை. புல்லாங்குழலும் ஹார்ப்பும் வசந்தத்தை மீண்டும் விரிக்கின்றன; ஒலியடக்கியைப் பொருத்திய வயலின் அதே மெட்டைப் பாடுகிறது. இத்தனை நடந்தபின்னும் மெட்டு ஏறக்குறைய மாறாமல் வருகிறதே, அது எதையும் கற்கவில்லையா என்று கேட்கலாம். பீத்தோவனிடம் இந்தக் கேள்வி பொருந்தும். இங்கே மாற வேண்டியது மெட்டு அல்ல. அதே காதலை இந்த உலகத்துக்கு வெளியே வைப்பதுதான் கதை. ஒலியடக்கியின் மங்கிய ஒலி அந்த ஒரு வேலையைச் செய்துவிடுகிறது.

எனவே என் மதிப்பீடு: கான்செர்ட்டோ என்ற வகையில், தனிக்கருவியும் ஆர்கெஸ்ட்ராவும் சமமாக மோத வேண்டும் என்ற அளவுகோலில், இது இரண்டாம் வரிசைப் படைப்பு. ஒரு குரல் மரபை வயலினுக்குள் முழுமையாகக் குடியேற்றிய படைப்பு என்ற வகையில், இருபதாம் நூற்றாண்டில் இதற்கு இணையாகச் சொல்ல என்னிடம் மிகச் சிலவே உண்டு. ஜாருக்களைக் கழுவிவிட்டு, புரூஹ் கான்செர்ட்டோவைப் போல நேராக வாசித்துவிட்டுப் போகும் வயலின் கலைஞர்கள் முதல் வகைப் படைப்பை மட்டுமே நமக்குத் தருகிறார்கள்.