காகங்கள் காவல் இருக்கும் படக்கூடம்

லைற் எல்லாவற்றையும் நூத்துவிட்டு, ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, ‘றெசிடன்ட் ஈவில்’ விளையாடிப் பாருங்கள். நான் சொல்வது 1996ஆம் ஆண்டின் பழைய பதிப்பை. இதைவிட அருமையான பயம் எனக்குத் தெரியாது!

அந்த மார்ச்சில் கப்கொம் நிறுவனம் அதை யப்பானில் வெளியிட்டபோது வலிகாமத்துச் சனம் யுத்தத்தால் இடம்பெயர்ந்து தென்மராட்சியிலும் வன்னியிலும் இருந்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் கரண்ட் நின்று வருடக்கணக்காகியிருந்தது. அந்த விளையாட்டு ஓடிய பிளேஸ்டேசன் கருவியின் பெயரே எங்கள் காதில் விழவில்லை. 2024இல் ஜிஓஜி தளம் அதே பழைய பதிப்பை இன்றைய கணினிகளில் ஓடும்படி கொண்டுவந்த பிறகுதான் கொக்குவிலில் எங்கள் வீட்டு மேசைக்கு அது வந்து சேர்ந்தது.

காட்டுக்குள் ஒரு மாளிகை, உள்ளே எழுந்து நடக்கும் பிணங்கள். கதை அவ்வளவுதான். ஆனால் அந்த மாளிகை இருக்கிறதே! ஜில், கிறிஸ் என்ற இருவரில் ஒருவராக விளையாடலாம். ஜில் என்றால் எட்டுச் சாமான் கொண்டு திரியலாம், கிறிஸ் என்றால் ஆறு மட்டும்தான். திறப்பை எடுத்தால் சன்னத்தை விட்டுவிட்டுப் போகவேண்டி வரும். விளையாட்டைச் சேமிக்கத் தட்டச்சுப் பொறிக்கு மை ரிப்பன் வேண்டும், அதுவும் அளந்துதான் கிடைக்கும். பிழைத்தால் எவ்வளவு தூரம் பின்னால் போகவேண்டுமென்று தெரிந்திருப்பதால் ஒவ்வொரு புதிரின் முன்னும் நெஞ்சு அடிக்கும், மூளையும் ஓடும்.

மாளிகையின் மதுக்கூடத்தில் ஒரு பியானோ. ஜில் பேதோவனின் ‘மூன்லைற் சொனாட்டா’வை வாசிக்கச் சுவர் திறக்கிறது. உள்ளே தங்கச் சின்னம். எடுத்தவுடன் வழி அடைபடுகிறது! சாப்பாட்டு மண்டபத்தில் கழற்றிய மரச் சின்னத்தை அந்த இடத்தில் வைத்தால்தான் வெளியேறலாம். தங்கச் சின்னத்தை மண்டபத்தில் பொருத்தினால் கடிகாரம் நகர்ந்து ஒரு திறப்பு கிடைக்கிறது. கிறிஸுக்கோ பியானோ வராது. துணைக்கு வரும் றெபேக்காவை அங்கே பழக விட்டுவிட்டுப் பிறகு வரவேண்டும். ஒரே புதிரை ஆளுக்குத் தக்கபடி மாற்றிய இயக்குநர் ஷின்ஜி மிக்காமியைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது படக்கூடம். நீண்ட அறை, சுவர் நெடுக ஓவியங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சுவிட்ச். மேலே காகங்கள் வரிசையாகக் குந்தியிருந்து பார்க்கின்றன. பச்சைக் குழந்தை, தவழும் பிள்ளை, துடியாட்டமான பொடியன், இளந்தாரி, களைத்த நடுவயதுக்காரர், கிழவர். சுவரில் அந்த ஒழுங்கில் இல்லை. பிறப்பில் தொடங்கி வயதுப்படி அமத்திக்கொண்டு போய், கடைசியில் வாழ்வின் முடிவைக் காட்டும் படத்தடியில் நின்று அமத்தினால் நட்சத்திரச் சின்னம் கைக்கு வருகிறது. ஒன்று பிழைத்தாலும் காகங்கள் இறங்கிக் கொத்தும். விரத நாளில் சோறு வைத்து ‘கா கா’ என்று கூப்பிடுகிற எங்களுக்கு அந்தக் கொத்து இரட்டிப்பாகச் சுடும்! ஆங்கிலம் தெரியாதவரும் படத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம் என்பது இந்தப் புதிரின் பெரிய அழகு.

ஒளித்து வைத்ததிலும் கெட்டிக்காரத்தனம். ஒரு தடித்த புத்தகம் கிடைக்கும். சும்மா வாசிக்கத்தான் என்று பெட்டிக்குள் போட்டுவிடாதீர்கள். கையில் எடுத்துச் சுழற்றி, தாள் பக்கம் முன்னுக்கு வரும்போது திறந்தால், உள்ளே ஒரு பதக்கம். அதைக் கண்ட இரவு நான் கதிரையை விட்டே எழும்பிவிட்டேன்.

2002இல் மிக்காமி இதே மாளிகையைப் புதிதாகக் கட்டியபோது படக்கூடத்துப் புதிரையே மாற்றிவிட்டார். பழையதைப் பாடமாக்கிய ஆட்களையும் திரும்ப யோசிக்க வைத்தார். நல்ல வேலை! ஆனாலும் முதலில் விளையாட வேண்டியது பழையது.

இப்போது அக்காவின் மகன் பழையதின் படக்கூடத்தில்தான் நிற்கிறான். “மாமா, எந்தப் படத்தை முதல் அமத்திறது?” என்று நேற்றும் கேட்டான். யூடியூப்பில் தேடினால் விடை உடனே வரும். தேடமாட்டேன் என்று சத்தியம் வாங்கி, படங்களை ஒவ்வொன்றாகக் கொப்பியில் கீறச் சொல்லியிருக்கிறேன். அவன் கீறி முடிக்கும்வரை நான் வாய் திறக்கப் போவதில்லை.