தாலந்தும் ஒற்றியும்: ஓர் உவமையின் பொருள் பற்றி

மத்தேயு சுவிசேஷத்தின் 25 ஆம் அதிகாரத்தில் வரும் தாலந்து உவமை யாவரும் அறிந்ததே. பயணம் புறப்படும் எசமான் மூன்று ஊழியரிடம் முறையே ஐந்தும் இரண்டும் ஒன்றுமாகத் தாலந்துகளை ஒப்படைக்கிறான். முதலிருவரும் வியாபாரஞ் செய்து முதலை இரட்டிக்கின்றனர். மூன்றாமவன் அதனை மண்ணிற் புதைத்துவைத்துத் திருப்பிக் கொடுத்துத் தண்டனை பெறுகிறான். இறைவன் அருளிய திறமையைத் துணிந்து பயன்படுத்துக என்பதே இதற்கு வழக்கமாகக் கூறப்படும் பொருள்.

மூலத்தை நோக்குமிடத்து இவ்விளக்கம் முற்றாகப் பொருந்துவதில்லை. அவரவர் திறமைக்கேற்பவே தாலந்துகள் பகிரப்பட்டன என்கிறது மூலம். எனவே திறமை வேறு, தாலந்து வேறு. தாலந்து என்பது பணம். ஏறத்தாழ 6,000 தெனாரி. அதே சுவிசேஷத்தின் திராட்சைத்தோட்ட உவமையில் ஒருநாட் கூலி ஒரு தெனாரி. ஆகவே ஒரு தாலந்து கூலியாள் ஒருவனின் ஏறக்குறைய இருபதாண்டு உழைப்பாகும்.

பணத்தைத் திறமையாக வாசிக்கும் மரபு யாழ்ப்பாணத்தில் எளிதில் ஏற்கப்பட்டமைக்குச் சமூக அடிப்படை உண்டு. 1816 இல் வந்த அமெரிக்க மிசனும் 1823 இல் தோன்றிய வட்டுக்கோட்டைச் செமினரியும் வளர்த்த ஆங்கிலக் கல்வி, உத்தியோகத்தை ஆதாயமாகத் தரும் முதலாயிற்று. உயர விழைந்த மத்தியதர வர்க்கத்துக்கு இவ்விளக்கம் உவப்பாயிருந்ததில் வியப்பில்லை.

ஆயின், எசமான் தான் விதையாததை அறுப்பவன் என மூன்றாமவன் முகத்துக்கு நேரே கூறுகிறான். எசமான் அதை மறுக்கவில்லை. வட்டியேனும் ஈட்டியிருக்கலாமே என்றுதான் கடிகிறான். யாழ்ப்பாணத்தவருக்கு இவ்வுறவு அந்நியமன்று. 1706-1707 இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமையில் இடம்பெறும் ஒற்றி முறையில், கடன் கொடுத்தவர் காணியைத் தம் கைவசம் பெற்று வட்டிக்கு ஈடாக அதன் விளைவை அனுபவிப்பர். பாடுபட்டவர் பிறராயினும் பயன் அவருடையதே.

இறைவருகையை எதிர்நோக்குவோருக்கான எச்சரிக்கையாகவே மத்தேயு இதனை அமைத்துள்ளார் என்பதை நாம் மறுக்கவில்லை. மூன்றாமவனை வீரனாக்குவதும் நம் நோக்கமன்று. உண்மையை அறிந்தும் அவன் அஞ்சினான்; அவன் காத்த முதல் குறைவின்றி எசமானிடமே மீண்டது; உழைத்தவனுக்கு எதுவும் கிட்டவில்லை. கூட்டுச் செயலாக வளராத தனிமனித மறுப்பின் எல்லை இதுவே. எனினும், ஊழியன் யாருக்கு உண்மையாயிருந்தான் என்று வினவாது அவனைப் புகழும் விளக்கம், எசமானின் கணக்கேட்டையே வேதமாக வாசிக்கிறது.